ஓய்வு பெற்றவர்களுக்கு ஓர் உலகக் கோப்பை

1987 ஜனவரி மாதம் பிரேசிலில் ஒரு கால்பந்துப் போட்டித் தொடர் நடந்தது. பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே, இத்தாலி, மேற்கு ஜெர்மனி என்று ஐந்து அணிகள். அதுவரை உலகக் கோப்பை ஜெயித்த நாடுகள் மொத்தமே ஆறுதான். இங்கிலாந்தைத் தவிர மற்ற ஐந்தும் வந்துவிட்டன. ஆனால் ஆடியவர்கள் அத்தனை பேரும் 'போதும்' என்று பூட்ஸைக் கழற்றி வைத்தவர்கள். முப்பதுகளின் நடுப்பகுதியைத் தாண்டியவர்கள், நாற்பதைத் தாண்டியவர்கள். பாதிப் பேருக்கு முடி கொட்டியிருந்தது, மீதிப் பேருக்கு இடுப்பு பெருத்திருந்தது.

இதற்கு 'மாஸ்டர்கள் உலகக் கோப்பை' என்று பெயர். 'பெலே கோப்பை' என்றும் சொன்னார்கள். ஃபிஃபா நடத்தியது அல்ல. லூசியானோ டோ வாலே என்ற பிரேசில் தொலைக்காட்சி வர்ணனையாளரின் மூளையில் உதித்தது. பிரேசில் மாஸ்டர்ஸ் அணிக்குப் பயிற்சியாளராகவும் அவரே நின்றார். (நம்மூரில் ஒரு கிரிக்கெட் வர்ணனையாளர் இதைச் செய்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள்!) இத்தாலிக்கு எதிரான ஆட்டத்தில் பெலேவே இறங்கினார். அப்போது அவருக்கு வயது 46.

முதல் கோப்பை சொந்த மண்ணில் ஆடிய பிரேசிலுக்குப் போகவில்லை. இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினா 1-0 என்று ஜெயித்தது. கிழவர்களானாலும் இந்த இரண்டு நாட்டுக்காரர்களும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் போல. பிறகு 1989, 1990, 1991 என்று மூன்று முறை பிரேசில் ஜெயித்துக் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. போட்டி அமெரிக்காவின் மயாமிக்குப் போனது, அப்புறம் ஐரோப்பாவுக்குப் போனது, 1990-களின் நடுவில் ஓய்ந்துவிட்டது.

இதைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் வந்த கேள்வி, ஓய்வு பெற்றவர்கள் எதற்காகத் திரும்பவும் ஆட வேண்டும் என்பதுதான். ஆசையா, பணமா? தேடிப் பார்த்தால் இரண்டும் என்றுதான் பதில் வருகிறது. அதிலும் பணம் என்ற பதிலுக்குப் பின்னால் கொஞ்சம் வலிக்கிற கதைகள் இருக்கின்றன.

ஐரோப்பாவில் பழைய வீரர்களுக்குப் பிரிவுபசார ஆட்டம் நடத்தும் வழக்கம் ரொம்ப நாளாக உண்டு. இங்கிலாந்தின் ஸ்டான்லி மேத்யூஸ் தன் கடைசி லீக் ஆட்டத்தை 1965 பிப்ரவரியில் ஆடினார். ஐம்பதாவது பிறந்த நாள் முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அதே வருடம் ஏப்ரலில் ஸ்டோக் நகரத்தில் அவருக்கு ஒரு விடைகொடுக்கும் ஆட்டம் வைத்தார்கள். புஷ்காஷ், டி ஸ்டெஃபானோ, ரஷ்யாவின் கோல்கீப்பர் யாஷின் எல்லோரும் வந்தார்கள். இது கௌரவமான விடைபெறல்.

பிரேசிலின் கரிஞ்சா கதை வேறு மாதிரி. 1958, 1962 இரண்டு உலகக் கோப்பைகளையும் ஜெயித்துக் கொடுத்தவர். அவரும் பெலேவும் சேர்ந்து ஆடிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதே இல்லை. கால்கள் இரண்டும் வளைந்திருக்கும், ஆனால் அவரைத் தாண்டிப் பந்தை எடுக்க ஆளில்லை. ஆட்டம் முடிந்தபின் கையில் காசில்லை, குடிப்பழக்கம் வேறு. 1973 டிசம்பரில் அவருக்காகவே ரியோவின் மரக்கானா மைதானத்தில் ஒரு நன்றி ஆட்டம் நடத்தினார்கள். ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனம். பத்து வருடம் கழித்து, 1983 ஜனவரியில், 49 வயதில் அவர் இறந்துபோனார்.

கரிஞ்சா இறந்து நான்கு வருடத்தில் மாஸ்டர்கள் உலகக் கோப்பை வருகிறது. இரண்டுக்கும் நேரடி சம்பந்தம் உண்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டியது. பிரிவுபசார ஆட்டம் என்பது ஒரு நாள் கூத்து, தர்மம் மாதிரி. போட்டித் தொடர் என்பது வேலை மாதிரி. டிவி வருகிறது, விளம்பரம் வருகிறது, ஆடியவருக்குக் கூலி வருகிறது. பெலே, ரிவெலினோ காலத்து வீரர்கள் இன்றைய மெஸ்ஸி, ரொனால்டோ மாதிரி கோடிகளில் புரண்டவர்கள் இல்லை. அவர்களின் புகழுக்கு ஒரு இரண்டாவது சந்தை இருக்கிறது என்பதை அந்த டிவிக்காரர் கண்டுபிடித்தார்.

அந்த சந்தை அப்புறம் பெரிதாகிவிட்டது. பிரிட்டனில் 2000-லிருந்து கிளப் வாரியாக ஓய்வு பெற்றவர்களை வைத்து உள்ளரங்கப் போட்டி நடத்தினார்கள். 2017-ல் லண்டனில் 'ஸ்டார் சிக்ஸஸ்' என்று ஆளுக்கு ஆறு பேர் ஆடும் நாடுகளுக்கிடையேயான போட்டி நடந்தது. இங்கிலாந்து ஜெயித்தது. 2019-ல் அதையே கிளாஸ்கோவில் நடத்தினார்கள்.

சரி, இந்தியாவுக்கு வருவோம்.

பாதி ஓய்வில் இருந்த ஒரு பெரிய மனிதர் இங்கே வந்து ஆடிய முதல் பிரபலமான சம்பவம் 1977 செப்டம்பர் 24. கல்கத்தா ஈடன் கார்டன்ஸ். நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு பெலே வந்தார். மழையில் ஊறிய மைதானம். எதிரே மோகன் பகான். ஆட்டம் 2-2 என்று முடிந்தது. சரியாக ஒரு வாரம் கழித்து அக்டோபர் 1-ல் பெலே மொத்தமாக ஓய்வு பெற்றுவிட்டார். மோகன் பகானுக்கு அன்று பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி. அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

அதற்கப்புறம் கல்கத்தாவுக்கு இது பழகிப்போனது. 2008-ல் ஜெர்மனியின் ஆலிவர் கான் தன் பிரிவுபசாரச் சுற்றில் சால்ட் லேக் மைதானத்தில் வந்து ஆடினார். 2018 செப்டம்பரில் பார்சிலோனாவின் பழைய வீரர்கள் அணி மோகன் பகானின் பழைய வீரர்களை 6-0 என்று வெளுத்தது. ஓய்விலும் தராதரம் இருக்கிறது என்று அன்று தெரிந்தது. நம்முடைய ஓய்வு வேறு, அவர்களுடைய ஓய்வு வேறு.

சென்னைக்கு இந்தக் காற்று 2014-ல் வந்தது. இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய வருடம். முதல் சீசனைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பாதி லீக், பாதி பழைய மாணவர் சந்திப்பு. டெல்லிக்கு டெல் பியரோ, புனேவுக்கு ட்ரெசகே, கோவாவுக்கு பிரெஸ், கேரளாவுக்கு டேவிட் ஜேம்ஸ். சென்னையின் எஃப்.சி.க்கு இத்தாலியின் மார்கோ மாட்டராசி. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜிடேனின் தலை யார் நெஞ்சில் மோதியதோ அவரேதான். 2011-ல் ஓய்வு பெற்றவர், 41 வயதில் பயிற்சியாளராகவும் வீரராகவும் இரட்டை வேஷம் கட்டினார். போதாதென்று தன் பழைய நண்பர் நெஸ்டாவையும் ஓய்விலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், அடுத்த வருடம் இதே மாட்டராசியின் பயிற்சியில் சென்னை கோப்பையை ஜெயித்தது. 2015 டிசம்பர் இறுதி ஆட்டத்தில் கோவாவை 3-2 என்று கடைசி நிமிடங்களில் புரட்டிப் போட்ட ஆட்டம் அது.

2016 ஜூலையில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் பிரீமியர் ஃபுட்சால் என்ற பெயரில் ஆளுக்கு ஐந்து பேர் ஆடும் போட்டி தொடங்கியது. ரொனால்டினோ, கிக்ஸ், ஸ்கோல்ஸ், கிரெஸ்போ, சல்காடோ என்று ஆளாளுக்கு ஒரு அணி. போர்ச்சுகலின் ஃபிகோ தலைவர். பாட்டு ஏ.ஆர். ரஹ்மான். அகில இந்திய கால்பந்து சம்மேளனம் இதை அங்கீகரிக்கவில்லை, ஆனாலும் நடந்தது. ஒரு ஆட்டத்தில் ரொனால்டினோ மட்டும் ஐந்து கோல் போட்டார். பிறகு பாதியிலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டார், அவர் இடத்துக்கு கஃபு வந்தார். இரண்டு சீசனோடு அந்த லீக்கும் மூடப்பட்டது. இந்த மாதிரிப் போட்டிகளின் ஆயுள் எங்கே போனாலும் குறைவாகத்தான் இருக்கிறது. வீரர்களின் பெயர் டிக்கெட் விற்கும், ஆனால் அதே பெயர் மூன்றாவது வருடம் விற்காது.

2025 மார்ச் 30 அன்று நடந்ததுதான் தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இந்த வகையில் பெரிய ஆட்டம். சென்னை நேரு ஸ்டேடியத்தில் பிரேசில் லெஜண்ட்ஸ் அணியும் இந்தியா ஆல் ஸ்டார்ஸ் அணியும் மோதின. பிரேசிலுக்கு 1994-ல் கோப்பையைத் தூக்கிய கேப்டன் டுங்கா பயிற்சியாளர், களத்தில் ரொனால்டினோ. முதல் பாதி முடியும் நேரத்தில் பிரேசிலின் வியோலா கோல் போட்டார். 1994 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் மாற்று வீரராக இறங்கியவர் இவர். சென்னையில் கோல் போட்டபோது வயது 56! உடனே கோவாக்காரரான பிபியானோ ஃபெர்னாண்டஸ் நமக்காக சமன் செய்தார். இரண்டாம் பாதியில் ரிக்கார்டோ ஒலிவேரா போட்ட கோலில் 2-1 என்று பிரேசில் ஜெயித்தது.

நம் பக்கம் ஐ.எம். விஜயன் இருந்தார். 'திமிரு' படத்திலும் 'பிகில்' படத்திலும் பார்த்திருப்பீர்கள். சினிமாவை வைத்து அவரைத் தெரிந்து வைத்திருக்கும் தலைமுறையில் நானும் ஒருவன் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறேன். திருச்சூர் முனிசிபல் ஸ்டேடியத்தில் சோடா விற்ற சிறுவன். கேரள போலீஸ் அணியில் சேர்ந்து, இந்திய அணியின் கேப்டனாகி, 2025-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். சென்னை ஆட்டம் நடந்த அடுத்த மாதம் போலீஸ் வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றார். ஆக, கால்பந்திலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து, உத்தியோகத்தில் ஓய்வு பெறும் தறுவாயில், ரொனால்டினோவுக்கு எதிரான அணியில் நிற்கிறார். அவர் சோறு போட்டது கால்பந்தா என்றால், கால்பந்து வாங்கிக் கொடுத்த போலீஸ் வேலை என்றுதான் சொல்ல வேண்டும். நம் நாட்டில் போலீஸ், ரயில்வே, ராணுவம், வங்கி இவைதான் வீரர்களுக்கு ஓய்வூதியம். பிரேசிலில் டிவி செய்த வேலையை இங்கே அரசாங்க உத்தியோகம் செய்தது.

வயதானவர்கள் ஆடும் ஆட்டம் எப்படி இருக்கும் என்று டிவியில் பார்ப்பதைவிட நேரில் பார்க்க வேண்டும். எங்கள் ஏற்காட்டுக்கு வந்தவர்களுக்கு சேர்வராயன் கோயில் தெரிந்திருக்கும். குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கும் கோயில், மே மாதத்தில் மலையாளிகள் (கேரளாக்காரர்கள் இல்லை, எங்கள் மலையின் பழங்குடி மக்கள்) கூடித் திருவிழா நடத்துவார்கள். அந்த மலையுச்சி ஊசி மாதிரி கூராக இருக்காது, மேசை மாதிரி தட்டையாகப் பரந்து கிடக்கும். 5,300 அடிக்கு மேலே இயற்கையே போட்டுக் கொடுத்த கிரவுண்டு. பையன்கள் பந்தைக் கொண்டுபோனால் சும்மா விடுவார்களா? எங்களோடு சேர்ந்து ஆடும் ஒரு பெரியவர் இருக்கிறார், காபி எஸ்டேட்டில் வேலை பார்த்தவர், ஐம்பது தாண்டியவர். அந்த உயரத்தில் பத்து நிமிடம் ஓடினாலே எங்களுக்கு நுரையீரல் வாய் வழியாக வந்துவிடும். அவர் ஓடவே மாட்டார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நிற்பார். பந்து அவரிடம் வருவதற்கு முன்பே அடுத்து அது எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்திருப்பார். ஒரே தட்டு. "டேய் தம்பி, பந்துக்குக் கால் வலிக்காதுடா, அதை ஓட விடு" என்பார். நாங்கள் நாலு பேர் ஓடிச் செய்வதை அவர் நின்ற இடத்தில் செய்துவிடுவார்.

உடம்பு விஷயமும் அதுதான். வயதாகும்போது முதலில் போவது திடீர் வேகம், அப்புறம் களைப்பிலிருந்து மீளும் திறன். பார்வையும் பாஸ் கொடுக்கும் புத்தியும் கடைசி வரை நிற்கும். அதனால்தான் ஓய்வு பெற்றவர்களின் போட்டிகளில் மைதானத்தைச் சின்னதாக்குகிறார்கள், நேரத்தைக் குறைக்கிறார்கள், எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம் என்கிறார்கள். 2011-ல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் இன்னும் ஒரு படி மேலே போய் ஓடவே கூடாது, நடந்துதான் ஆட வேண்டும் என்று 'நடைக் கால்பந்து' தொடங்கினார்கள். டோக்கியோவில் எண்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனிப் பிரிவே 2023-ல் வந்துவிட்டது. அதில் 93 வயது கோல்கீப்பர் ஒருவர் இருந்தார்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம்.

1987-ல் அந்த மாஸ்டர்கள் கோப்பைக்கு இந்தியாவைக் கூப்பிட்டிருந்தால் யார் போயிருப்பார்கள்? கூப்பிட்டிருக்க மாட்டார்கள், தெரியும். ஆனாலும் ஒரு அணியைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். நமக்கும் உலக அரங்கில் ஆடிய ஒரு தலைமுறை இருந்தது. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று ஜெயித்து நான்காவது இடம் வந்தவர்கள், 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடியவர்கள், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கியவர்கள். பயிற்சியாளர் ரஹீம் 1963-லேயே புற்றுநோயில் போய்விட்டார். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் போட்ட நெவில் டிசூசாவும் 1980-ல் போய்விட்டார். மற்றவர்கள்? பி.கே. பானர்ஜிக்கு 1987 ஜனவரியில் வயது 50. சுனி கோஸ்வாமிக்கு 49. கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜுக்கு 51. துளசிதாஸ் பலராமுக்கு 50. பெலேவுக்கு 46 என்று மேலே சொன்னேன் இல்லையா, இவர்கள் பெலேவைவிட மூன்று நான்கு ஐந்து வயதுதான் மூத்தவர்கள். ஒரே காலத்து ஆட்கள்.

இந்தப் பட்டியலில் இருக்கும் பெயர்களைத் திரும்பப் படியுங்கள். தங்கராஜ், பலராம்.

பீட்டர் தங்கராஜ் பிறந்தது ஹைதராபாத்தில். ஆறடிக்கு மேல் உயரம். ராணுவத்தில் சேர்ந்து நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு ஆட வந்தார். முதலில் அவர் முன்கள வீரர், கோல் போடுகிறவர். பிறகுதான் கோலைக் காக்கிறவராக மாறினார். அந்த மலைமேல் ராணுவ அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை ஜெயித்தது. மலையூர்க்காரன் என்ற முறையில் எனக்கு இதில் தனிப்பெருமை. ஊட்டி, குன்னூர், ஏற்காடு பக்கமெல்லாம் கால்பந்து வேரூன்றியதில் ராணுவத்துக்கும் மிஷனரி பள்ளிகளுக்கும் பெரிய பங்குண்டு. 1962 ஜகார்த்தாவில் காய்ச்சலால் ஆரம்ப ஆட்டங்களில் உட்கார்ந்திருந்த தங்கராஜ் இறுதி ஆட்டத்துக்கு எழுந்து வந்து நின்றார். 2008-ல் காலமானார்.

பலராம் செகந்தராபாத் பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ஏழைக் குடும்பம். பி.கே., சுனி, பலராம் மூவரையும் மும்மூர்த்திகள் என்பார்கள். ஆனால் 1963-ல், வெறும் 27 வயதில், நுரையீரல் நோயால் ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. மற்ற இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பலராமுக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. அந்த மனத்தாங்கல் அவருக்கு இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. கல்கத்தா பக்கம் உத்தரபாராவில் தனியாக வாழ்ந்து 2023 பிப்ரவரி 16 அன்று 86 வயதில் இறந்தார். அவர் கடைசி நாட்களைப் பற்றிப் படித்தபோது கரிஞ்சா ஞாபகம்தான் வந்தது, ஆனால் பலராமுக்காக மரக்கானாவில் ஒரு லட்சம் பேர் கூடவில்லை.

இன்னொரு பெயர் பாக்கி இருக்கிறது. சைமன் சுந்தர்ராஜ்.

தமிழ்நாட்டுக்காரர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா மூன்று ஆட்டம் ஆடியது. முதலில் லாக்விலாவில் ஹங்கேரியிடம் 1-2 என்று தோல்வி. அந்த ஹங்கேரி அணியில் பின்னாளில் ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருது வாங்கிய ஃப்ளோரியன் ஆல்பர்ட் இருந்தார். நமக்கான ஒரே கோலைப் போட்டவர் பலராம். அடுத்து கிராசெட்டோவில் பிரான்ஸோடு 1-1 சமநிலை, கோல் பி.கே. பானர்ஜி. மூன்றாவதாகப் பெஸ்காராவில் பெருவிடம் 1-3 தோல்வி, கோல் சைமன் சுந்தர்ராஜ். மூன்று ஆட்டம், மூன்று கோல், அதில் இரண்டு தமிழர்கள் போட்டது. கோல் வாசலில் நின்றதும் தங்கராஜ். இது ஏதோ ஒரு மூலையில் நடந்த டவுன் டீம் மேட்ச் இல்லை, ஒலிம்பிக்!

இதோடு முடியவில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து ஆட்டம் 1948-ல் லண்டன் பக்கம் இல்ஃபோர்டில் நடந்தது. டாலிமெரன் ஆவ் என்ற நாகா டாக்டர் கேப்டன். நம்மவர்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். இரண்டு பெனால்டியைத் தவறவிட்டும் பிரான்ஸைக் கடைசி நிமிடம் வரை 1-1 என்று பிடித்து வைத்திருந்தார்கள். கடைசியில் 1-2. அன்று இந்தியாவுக்காகக் கோல் போட்டவர் பெங்களூரின் சாரங்கபாணி ராமன். சுதந்திர இந்தியாவின் முதல் சர்வதேச கோல் அது.

சாரங்கபாணி என்று பெயர் உள்ளவர் முதல் கோலைப் போட்டார், சுந்தர்ராஜ் என்று பெயர் உள்ளவர் கடைசிக் கோலைப் போட்டார் என்பதை நம்மில் எத்தனை பேர் பள்ளியில் கேட்டிருப்போம்? நான் கேட்டதில்லை. என் வகுப்பில் ரொனால்டினோவின் ஹேர்ஸ்டைலைத் தெரியாதவர்கள் கிடையாது. அவருக்கு சென்னையில் கைதட்டியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, கைதட்ட வேண்டிய ஆள்தான். ஆனால் 'லெஜண்ட்' என்ற வார்த்தை யாருக்குப் போய்ச் சேருகிறது என்று பார்த்தால், ஆடிய ஆட்டத்துக்கு அல்ல, அதை யார் படம்பிடித்து வைத்தார்கள் என்பதற்குத்தான் போகிறது. பெலேவின் 1970 கோல்களை இன்று உட்கார்ந்த இடத்தில் கலரில் பார்க்கலாம். பெஸ்காரா கோலை நம் ஆட்கள் பேப்பரில் ஒரு வரியாகத்தான் அறிவார்கள். படம் இல்லாதவனுக்கு ரசிகன் இல்லை, ரசிகன் இல்லாதவனுக்கு மாஸ்டர்கள் கோப்பையில் இடம் இல்லை. 1987-ல் அந்த ஐந்து நாடுகளும் வந்தது அவர்கள் உலகக் கோப்பை ஜெயித்தார்கள் என்பதால் மட்டும் இல்லை, டிவி பார்க்கிறவர்களுக்கு அந்த முகங்கள் தெரியும் என்பதாலும்தான்.

சைமன் சுந்தர்ராஜ் ஆட்டத்தை விட்டபின் பயிற்சியாளரானார். 1973-ல் கேரளா முதல் முறையாக சந்தோஷ் டிராபி ஜெயித்தது, எர்ணாகுளத்தில், ரயில்வேஸை 3-2 என்று. கேப்டன் மணி மூன்று கோல் போட்ட அந்த ஆட்டத்தை மலையாளிகள் (இப்போது கேரளாக்காரர்கள்!) இன்றும் திருவிழா மாதிரிப் பேசுவார்கள். அந்த அணிக்குப் பயிற்சியாளர் நம் சைமன்தான். அப்போது திருச்சூரில் விஜயனுக்கு நாலு வயது. அந்த வெற்றிக்குப் பிறகு கேரளாவில் கிளம்பிய கால்பந்துப் பைத்தியத்தில்தான் விஜயன் மாதிரி பையன்கள் வளர்ந்தார்கள். அப்படிப் பார்த்தால் 2025-ல் சென்னையில் பிரேசிலுக்கு எதிரே நின்ற விஜயனுக்கும் பெஸ்காராவில் கோல் போட்ட சைமனுக்கும் நடுவே ஒரு மெல்லிய நூல் ஓடுகிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

1960-க்குப் பிறகு இந்திய ஆண்கள் கால்பந்து அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை. அதனால் செப்டம்பர் 1, 1960 அன்று பெருவுக்கு எதிராக சைமன் சுந்தர்ராஜ் போட்ட கோல்தான் இன்றைக்கும் ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட கடைசிக் கால்பந்து கோல்.